டெவ், கியூஏ, யுஏடி, ஸ்டேஜிங், ப்ராட்: சின்னக் குழுவுக்கு உண்மையில் எத்தனை சூழல்கள் வேண்டும்?

நொய்யல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் குழுவில் டெவலப்பர்கள் ஆறு பேர், டெஸ்டர் ஒருவர். தனியார் பள்ளிகளுக்கான கட்டணம், மாணவர் விவர மென்பொருள் செய்கிறோம். சர்வர் பக்கம் ஜாங்கோ, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், முகப்புக்கு ரியாக்ட்.

இப்போது அவரவர் லேப்டாப்பில் எழுதுகிறோம், நேராக ப்ராடுக்கு, அதாவது பள்ளிகள் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வருக்கு, போகிறது. நடுவில் "ஸ்டேஜிங்" என்று, ப்ராடுக்கு முன் ஒத்திகை பார்க்க, ஒரு விஎம் (மெய்நிகர் சர்வர்) இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒருவர் கையால் ஒவ்வொன்றாக நிறுவியது. அதில் என்னென்ன பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று இப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதைத் தொடவே எல்லோருக்கும் பயம்.

சென்ற ரிலீஸில் எக்செல் கோப்பிலிருந்து மாணவர் பெயர்களை ஏற்றும் பகுதி லேப்டாப்பில் நன்றாக ஓடியது, ப்ராடில் பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மேலாளர் டெவ் (எழுதிப் பார்க்க), கியூஏ (டெஸ்டர் சோதிக்க), யுஏடி (வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் தர), ஸ்டேஜிங், ப்ராட் என்று ஐந்து சூழல்களும், அதாவது மென்பொருள் ஓடும் ஐந்து தனி இடங்களும், வேண்டும், பைப்லைன் (மென்பொருளை ஒவ்வொரு சூழலுக்கும் தானாக ஏற்றும் ஏற்பாடு) போட்டுக் கொடுங்கள் என்கிறார். பொறுப்பு என் தலையில். ஐந்தும் தேவையா? எதிலிருந்து தொடங்குவது?

பொதிகை

நொய்யல், எண்ணிக்கையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். லேப்டாப்பில் எந்த டேட்டாபேஸ் வைத்து எழுதுகிறீர்கள்? போஸ்ட்கிரெஸா, ஜாங்கோ தானாகத் தரும் எஸ்க்யூலைட்டா?

நொய்யல்

பெரும்பாலும் எஸ்க்யூலைட்தான் அண்ணா. இரண்டு பேர் மட்டும் போஸ்ட்கிரெஸ் போட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு வெர்ஷன்.

பொதிகை

அப்படியென்றால் உங்கள் பெயர்ச் சிக்கலுக்கும் காரணம் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்ப் புலத்துக்கு என்ன நீளம் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். "கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன்" என்ற பெயரைக் கண்ணால் எண்ணினால் இடைவெளியும் சேர்த்து 17 எழுத்து. ஆனால் யூனிகோடில் "கி" என்பது க, இகரக் குறி என இரண்டு. "ர்" என்பது ர, புள்ளி என இரண்டு. அப்படி எண்ணினால் அதே பெயர் 29. போஸ்ட்கிரெஸ் இந்த 29-ஐத்தான் பார்க்கும், நீளம் மீறிவிட்டது என்று பிழை காட்டி மறுக்கும். எஸ்க்யூலைட்டோ 20 என்று நீங்கள் எழுதியதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, முழுப் பெயரையும் வாங்கி வைத்துக்கொள்ளும். படிவம் வழியாகப் போனால் ஜாங்கோவே நீளம் பார்த்துத் தடுத்திருக்கும். எக்செல்லிலிருந்து மொத்தமாக ஏற்றும்போது அந்தச் சரிபார்ப்பு நடப்பதில்லை.

இதுபோல இன்னும் உண்டு. எஸ்க்யூலைட்டில் "லைக்" தேடல் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. போஸ்ட்கிரெஸில் பார்க்கும். ஒரே கட்டண வரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தாமல் இருக்க ஜாங்கோவில் "செலக்ட் ஃபார் அப்டேட்" போட்டிருப்பீர்கள். எஸ்க்யூலைட்டில் அது பிழையும் காட்டாது, வேலையும் செய்யாது. கட்டண மென்பொருளில் இதை லேப்டாப்பில் சோதித்துவிட்டோம் என்று நம்பியிருப்பது ஆபத்து.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு டெவலப்பரின் லேப்டாப்பும் ஒரு சூழல். உங்களிடம் ஏற்கெனவே ஆறு இருக்கின்றன, ஆறும் ஆறு விதம். அதைச் சரி செய்யாமல் மேலே நான்கு சூழல் கட்டினால் பிழை பிடிபடும் இடம் தள்ளிப் போகுமே தவிர, குறையாது.

முதலில் டாக்கர் கம்போஸ் கோப்பு (ஆப்புக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் எழுப்பும் பட்டியல்) ஒன்று எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் (தற்காலிகச் சேமிப்பு), உங்கள் ஆப், மூன்றும் அதில். ப்ராடில் போஸ்ட்கிரெஸ் 15 என்றால் இங்கேயும் 15, எது புதிதோ அதை எடுக்கும் "லேட்டஸ்ட்" டேக் வேண்டவே வேண்டாம். புதிதாகச் சேரும் ஒருவர் மென்பொருள் கோடை (நிரலை) இறக்கி, ஒரே கட்டளை கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஆப்பை உலாவியில் திறந்து பார்க்க முடிய வேண்டும். இது சரியாகும் வரை மற்ற எதையும் தொட வேண்டாம்.

மணிமுத்தாறு

பொதிகை சொல்வதோடு ஒன்று. போஸ்ட்கிரெஸ் இமேஜில் (டாக்கர் ஓட்டும் தயார் நகலில்) ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை சிறியது என்று பலர் அதை எடுப்பார்கள். ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற சி நூலகம். டெபியன், உபுண்டு சர்வர்களில் ஜிலிப்சி. பெயர்களை அகர வரிசைப்படுத்தும் விதி இந்த நூலகத்திலிருந்து வருவதால் வரிசை மாறும். ஆல்பைனில் வெறும் யூனிகோட் எண் வரிசைதான் கிடைக்கும். அதில் "ன" வந்து "ந"வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கும், "ற" வந்து "ர"வுக்கு அடுத்து. மாணவர் பட்டியல் லேப்டாப்பில் ஒரு வரிசை, ப்ராடில் ஒரு வரிசை என்று வந்து நின்றால் எங்கே தேடுவது என்றே தெரியாது. ப்ராடில் எந்த அடித்தளமோ அதே அடித்தள இமேஜ் எடுங்கள்.

கொள்ளிடம்

மேலே எழுதிய இருவரும் தயாரிப்பு நிறுவனத்துக்காரர்கள் போலத் தெரிகிறது. நான் வங்கி வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் பக்கம். அங்கே யுஏடி என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். வாடிக்கையாளர் பக்கத்து ஆள் வந்து, தன் கணக்கில் நுழைந்து, தன் கையால் சோதித்து, ஒப்புதல் கொடுத்த பிறகுதான் ப்ராடுக்குப் போகும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புது பில்ட் (கோடிலிருந்து கட்டிய புது வெர்ஷன்) வந்து விழுந்தால் சண்டையே வந்துவிடும். அதனால் தனிச் சூழல் கட்டாயம்.

நொய்யல், உங்கள் பள்ளிகள் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தருகிறார்களா? தருகிறார்கள் என்றால் யுஏடி வேண்டும். இல்லையென்றால் மேலாளர் அதை எங்கோ பார்த்த வரைபடத்திலிருந்து எடுத்திருக்கிறார்.

நொய்யல்

நல்ல கேள்வி. பெரிய பள்ளிகள் இரண்டு மட்டும் கல்வியாண்டு தொடங்கும் முன் கட்டண அமைப்பைப் பார்த்துச் சரி சொல்வார்கள். மற்ற மாதங்களில் யாரும் பார்ப்பதில்லை.

பொதிகை அண்ணா, பார்த்துவிட்டேன். பெயர்ப் புலம் 25 என்று இருக்கிறது. நீங்கள் சொன்னதேதான்.

பொதிகை

அப்போது யுஏடி நிரந்தரமாக ஓட வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் எழுப்பினால் போதும். எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்றால் அது கோடிலிருந்து தானாக உருவாக வேண்டும். அதற்கான கருவி டெராஃபார்மோ அன்சிபிளோ எதுவாக இருந்தாலும் சரி. கையால் கட்டிய விஎம்மை இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட முடியாது, அதனால்தான் அதைத் தொட பயப்படுகிறீர்கள்.

அடையாறு_ஆப்ஸ்

பைப்லைன் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன்.

பல குழுக்களில் சூழலுக்கு ஒரு பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) வைப்பார்கள். டெவ் பிராஞ்சில் கோடை மெர்ஜ் செய்தால் (சேர்த்தால்) டெவுக்கு ஒரு பில்ட், ஸ்டேஜிங் பிராஞ்சில் மெர்ஜ் செய்தால் ஸ்டேஜிங்குக்கு ஒரு பில்ட், பிறகு மெயின் என்ற முதன்மைக் கிளையில் மெர்ஜ் செய்து ப்ராடுக்கு இன்னொரு பில்ட். இதில் டெஸ்டர் சோதித்த பொருள் ப்ராடுக்குப் போவதே இல்லை. கோடு ஒன்றாக இருக்கலாம். நடுவில் ஒரு நூலகம் புது வெர்ஷன் வெளியிட்டிருந்தாலோ, அடிப்படை இமேஜ் மாறியிருந்தாலோ, ப்ராடுக்குப் போவது யாரும் தொட்டுப் பார்க்காத ஒன்று. பில்ட் ஓடும் இயந்திரமே மாறும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற பில்ட் சேவையில் "உபுண்டு லேட்டஸ்ட்" என்று எழுதியவர்களுக்கு 2024 இறுதியிலிருந்து உபுண்டு 22.04 போய் 24.04 வரத் தொடங்கியது, அவர்கள் ஒரு வரிகூட மாற்றாமலே.

ஒரே பிராஞ்ச், ஒரே பில்ட். மெயினில் மெர்ஜ் ஆனதும் இமேஜ் ஒரு முறை உருவாகட்டும். அதன் எஸ்எச்ஏ256 டைஜஸ்ட்டை (அந்த இமேஜுக்கே உரிய கைரேகை போன்ற எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜிங்குக்கு அந்த டைஜஸ்ட், சரியென்றால் ப்ராடுக்கும் அதே டைஜஸ்ட். மாறுவது கன்ஃபிக் மட்டும்: டேட்டாபேஸ் முகவரி, பேமென்ட் கேட்வே சாவி, மின்னஞ்சல் சர்வர். அவை என்விரான்மென்ட் வேரியபிளாக (ஆப் ஓடும் இடத்தில் கொடுக்கும் மதிப்பாக) வெளியிலிருந்து வரட்டும். ஹெரோகு என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்காரர்கள் 2011 வாக்கில் எழுதி வைத்த பன்னிரண்டு விதிகளிலேயே இது இருக்கிறது. இத்தனை ஆண்டு கழித்தும் ப்ராட் கடவுச்சொல்லை இமேஜுக்குள்ளேயே வைத்துச் சுற்றுபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ரியாக்டில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. ஏபிஐ முகவரி (முகப்பு பேச வேண்டிய சர்வரின் முகவரி) பில்ட் நேரத்திலேயே கோப்புக்குள் பதிந்துவிடும். அதனால்தான் "ஸ்டேஜிங்குக்குத் தனி பில்ட் வேண்டும்" என்று முகப்புக்காரர்கள் சொல்வார்கள். ஆப் திறக்கும்போது சர்வரிலிருந்து ஒரு சின்னக் கன்ஃபிக் கோப்பைப் படிக்கும்படி மாற்றிவிடுங்கள். அல்லது ஏபிஐயை அதே டொமைனில் ஒரு பாதையாக வைத்துவிடுங்கள், முகவரியே தேவைப்படாது.

குழுவில் யாராவது புதிய மேக் வைத்திருக்கிறார்களா? அது ஆர்ம் செயலி. அதில் கட்டிய இமேஜை இன்டெல், ஏஎம்டி சர்வரில் ஏற்றினால் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று நின்றுவிடும். லேப்டாப்பில் கட்டிய இமேஜ் எந்தச் சூழலுக்கும் போகக் கூடாது என்று விதி வையுங்கள்.

மணிமுத்தாறு

மேக்கில் இன்னொன்றும் உண்டு. அதன் கோப்பு அமைப்பு இயல்பாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரித்துப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். இம்போர்ட் வரியில் ஒரு எழுத்து மாறியிருந்தால் மேக்கில் ஓடும், பில்ட்டில் விழும். அது நல்லதுதான், பில்ட்டிலேயே விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கொள்ளிடம்

அடையாறு சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஒரே பிராஞ்ச் என்றால் பாதி முடிந்த வேலை மெயினுக்குள் வந்துவிடுமே? எங்கள் பக்கம் ரிலீஸ் பிராஞ்ச் வைக்காமல் முடியாது. வாடிக்கையாளர் "இந்த மாதம் இது வேண்டாம், அது மட்டும் போகட்டும்" என்பார்.

அடையாறு_ஆப்ஸ்

ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கவோ அணைக்கவோ கோடில் வைக்கும் சுவிட்ச்) போட்டு அணைத்து வைக்கலாம். ஒவ்வொரு ஃபிளாகுக்கும் ஒரு பெயர், ஒரு பொறுப்பாளர், அகற்றும் தேதி. பழைய ஃபிளாகின் பெயரை வேறு வேலைக்குத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் புதுக் கோடை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, எட்டாவது விடுபட்டது. ஏற்றியதை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை. புதுக் கோடு ஒரு பழைய ஃபிளாகையே திரும்பப் பயன்படுத்தியது. எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக், ஆண்டுக்கணக்கில் பயன்பாட்டில் இல்லாத பழைய கோடை எழுப்பிவிட்டது. 45 நிமிடத்தில் சுமார் 40 லட்சம் வர்த்தகங்கள், நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். பதற்றத்தில் சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதுக் கோடை எடுத்தார்கள், அங்கேயும் பழையது ஓட ஆரம்பித்தது. இவ்வளவையும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவே விவரிக்கிறது.

டெப்லாயை (சர்வரில் ஏற்றும் வேலையை) கையால் செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்டேஜிங்குக்கு ஏற்றும் ஸ்கிரிப்ட்டும் ப்ராடுக்கு ஏற்றும் ஸ்கிரிப்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறை ஸ்டேஜிங்குக்குப் போகும்போதும் ப்ராட் டெப்லாயையும் சோதித்ததாக ஆகும்.

தாமிரபரணி

நான் டெஸ்டிங் பக்கம். சூழலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சர்வரைப் பேசுகிறீர்கள், தரவைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

டெவலப்பர்கள் போட்டு வைக்கும் சோதனைப் பெயர்கள் எல்லாம் "டெஸ்ட்1", "ஏபிசி", "குமார்". குமாரை எந்த டேட்டாபேஸும் மறுக்காது. உங்கள் விதைத் தரவில் (சோதனைக்காக முதலில் நிரப்பும் தரவில்) நீளமான தமிழ்ப் பெயர், ஒற்றை எழுத்து இனிஷியல், இனிஷியலே இல்லாத பெயர், ஒரே பெயரில் ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள், அப்பா பெயர் காலியாக இருக்கும் பிள்ளை, பாதிக் கட்டணம் கட்டி நின்றவர், இவர்கள் எல்லாம் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை உங்கள் டெஸ்டரிடமே கேளுங்கள், அவர் மனதில் தயாராக இருக்கும்.

ப்ராட் தரவை அப்படியே ஸ்டேஜிங்குக்கு நகலெடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஸ்டேஜிங்கிலிருந்து உண்மையான பெற்றோருக்கு "கட்டணம் பாக்கி" என்று குறுஞ்செய்தி போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் மாற்றிய நகல்தான் வர வேண்டும். ஸ்டேஜிங்கின் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் கன்ஃபிக் வெளியே எதையும் அனுப்ப முடியாதபடி இருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். லேப்டாப் நம் நேரத்தில் ஓடும், சர்வர் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில்) ஓடும். நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை யூடிசியில் முந்தின நாள். "இன்று கடைசித் தேதி, நாளை முதல் அபராதம்" என்ற கணக்கு அந்த ஐந்தரை மணி நேரத்தில் தப்பாகிவிடும். பகலில் உட்கார்ந்து சோதிக்கும் எவருக்கும் இது சிக்காது. கம்போஸ் கோப்பிலேயே கன்டெய்னரின் நேரத்தை யூடிசி என்று வைத்துவிட்டால் லேப்டாப்பும் சர்வரும் ஒரே மாதிரி நடக்கும். அதற்கு மேல், இரவு ஒரு மணி என்று நேரத்தை நிறுத்தி வைத்து ஓடும் டெஸ்ட் ஒன்றும் எழுதுங்கள்.

நொய்யல்

தாமிரபரணி அக்கா, கைபேசி எண் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஸ்டேஜிங் விஎம்மில் பழைய ப்ராட் நகல் ஒன்று கிடக்கிறது. இன்றே அழிக்கச் சொல்கிறேன்.

மணிமுத்தாறு

அழிக்கும் முன் ப்ராடின் பேக்கப்பை ஒரு முறை வேறு இடத்தில் மீட்டுப் பாருங்கள். ஸ்டேஜிங் நகல்தான் கடைசியில் காப்பாற்றியது என்ற கதை உண்மையிலேயே நடந்திருக்கிறது.

2017 ஜனவரி 31, கோடைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப். இரவில் டேட்டாபேஸ் சிக்கலைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் நிலை சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஒன்றிரண்டு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் காலி. பேக்கப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2, டேட்டாபேஸ் 9.6. வெர்ஷன் பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங்கில் ஒரு சோதனை செய்வதற்காக அதே பொறியாளர் எடுத்து வைத்திருந்த டிஸ்க் ஸ்னாப்ஷாட். அதிலும் பாருங்கள், ஸ்டேஜிங் சர்வரில் இருந்தது மலிவான, வேகம் குறைந்த டிஸ்க், நகலெடுத்து முடிக்க ஏறக்குறைய 18 மணி நேரம். ஸ்டேஜிங்குக்குக் கொண்டு போகும்போது வெப்ஹுக்குகளை (ஏதாவது நடந்ததும் வெளிச் சேவைகளுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் அமைப்புகளை) நீக்கிவிடும் வழக்கம் வேறு (அது சரியான வழக்கம்தான்), அதனால் அவற்றைத் தனியாகத் தேடி மீட்க வேண்டியிருந்தது.

அவர்கள் எதையும் மறைக்காமல் வெளியில் எழுதியதால்தான் நமக்கு இது தெரியும், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று டெர்மினல் ப்ராம்ப்ட்டை (கட்டளைத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் முன் வரும் எழுத்தை) மாற்றுவது: எந்தச் சர்வர், எந்தச் சூழல் என்று பார்த்ததும் தெரியும்படி. நொய்யல், இதைச் செய்ய பத்து நிமிடம் ஆகாது. ப்ராடுக்குச் சிவப்பு, ஸ்டேஜிங்குக்கு மஞ்சள். அட்மின் பக்கத்தின் மேல்பட்டையிலும் அதே நிறங்கள்.

கொள்ளிடம்

செலவைப் பற்றியும் மேலாளர் கேட்பார். ஸ்டேஜிங்கை வாரம் முழுக்க ஓட விட்டால் 168 மணி நேரம். வேலை நாட்களில் காலை 9 முதல் இரவு 9 வரை என்றால் 60 மணி நேரம். சர்வர் வாடகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். டிஸ்க்குக்கு மட்டும் வழக்கம்போலக் கட்ட வேண்டும்.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் பேசிவிட்டேன். டெவ் என்று பொதுச் சர்வர் கிடையாது, எல்லா லேப்டாப்பிலும் ஒரே கம்போஸ். கியூஏவும் ஸ்டேஜிங்கும் ஒன்று, மெயினில் மெர்ஜ் ஆனதும் தானாக ஏறும். டெஸ்டர் சரி சொன்னதும் அதே இமேஜ் ப்ராடுக்கு. யுஏடி ஏப்ரலில் மட்டும். அவர் முதலில் ஒப்பவில்லை. பெயர்ப் புலப் பிழையை கம்போஸில் ஓடும் போஸ்ட்கிரெஸில் அவர் கண்முன்னே வர வைத்துக் காட்டிய பிறகு சரி என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்தப் புலத்தை 25-லிருந்து 100 ஆக்க மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலை) வேண்டும். ப்ராடில் அந்த டேபிள் பெரியது. ஸ்டேஜிங்கில் சில நூறு வரிகள்தான். ஸ்டேஜிங்கில் நொடியில் முடிந்தது என்று நம்பிப் போகலாமா?

பொதிகை

நீளத்தைக் கூட்டுவது மட்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் டேபிளைத் திரும்ப எழுதாது, வேகமாக முடியும். ஆனால் அந்த நொடிக்கு டேபிள் முழுவதற்கும் பூட்டு வேண்டும். யாராவது ஒருவரின் நீண்ட அறிக்கை அப்போது ஓடிக்கொண்டிருந்தால் மைக்ரேஷன் அதற்காகக் காத்திருக்கும், மைக்ரேஷனுக்குப் பின்னால் எல்லோரும் காத்திருப்பார்கள். அதனால் மைக்ரேஷனுக்கு முன் லாக் டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பை) இரண்டு மூன்று விநாடி என்று வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டுப் பிறகு முயலட்டும்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) சேர்ப்பது போன்றவற்றுக்குத் தரவின் அளவு மிக முக்கியம். ஸ்டேஜிங்கில் போலிப் பெயர்களைக் கொண்டு ப்ராடில் உள்ள அளவுக்கே வரிகளை உருவாக்கி நிரப்புங்கள், ஒரு ஸ்கிரிப்ட் போதும். ஜாங்கோவில் பூட்டாமல் இண்டெக்ஸ் போடத் தனி ஆபரேஷன் 3.0-லிருந்தே இருக்கிறது. அந்த மைக்ரேஷன் கோப்பில் அட்டாமிக்கை (எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாக ஓட்டும் அமைப்பை) ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள்.

தாமிரபரணி

நிரப்பும்போது பெயர்களில் பாதியாவது தமிழில் இருக்கட்டும். 100-ஐத் தாண்டும் ஒரு பெயரையும் போட்டு வையுங்கள், எக்செல் ஏற்றம் அந்த ஒரு வரியை மட்டும் தனியாகக் காட்டிவிட்டு மற்ற வரிகளை ஏற்றுகிறதா என்று உங்கள் டெஸ்டர் பார்க்கட்டும்.